முகத்திற்குக் காவலா, பார்வைக்குக் காவலா? இணைய ஒளிப்படக் காப்பகங்களும் சிவகாசித் தொழிலாளர் படங்களும்

ஆய்வுச்சுருக்கம்

இணைய ஒளிப்படக் காப்பகங்கள் சில, படங்களைப் பார்க்கும் முன்பே பயனரின் பெயர், மின்னஞ்சல், பணியிடம் முதலிய விவரங்களைக் கட்டாயமாகக் கேட்கின்றன. தனியுரிமையைக் காக்கவே இந்நடைமுறை என்பது அவை கூறும் காரணம். அது யாருடைய தனியுரிமையைக் காக்கிறது என்னும் வினாவைச் சிவகாசி வட்டாரத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலாளர் படங்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. பார்ப்பவரைப் பதிவு செய்வதால் படத்தில் இருப்பவர் காக்கப்படுவதில்லை என்பதும், படத்தின் தன்மைக்கேற்ப அணுக்கத்தை வகுப்பதே தக்கது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஒளிப்படக் காப்பகம், கட்டாயப் பதிவு, தனியுரிமை, சிவகாசி, குழந்தைத் தொழிலாளர்

முன்னுரை

ஒளிப்படக் காப்பகம் ஒவ்வொன்றிலும் மூவர் தொடர்புறுகின்றனர்: படத்தில் இருப்பவர், அதைக் காப்பவர், அதைப் பார்ப்பவர். தனியுரிமை பற்றிய நம் ஆய்வுலக விவாதங்கள் பெரும்பாலும் காப்பவருக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான உடன்பாட்டோடு நின்றுவிடுகின்றன. படத்தில் இருப்பவர் அவ்வுடன்பாட்டில் கையொப்பமிடாதவர். இவ்விடைவெளி மிகக் கூர்மையாகப் புலப்படும் களங்களுள் ஒன்று விருதுநகர் மாவட்டம். 1923 முதல் தீப்பெட்டித் தொழிலும், அதனைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்த சிவகாசி, நாடெங்கும் செல்லும் நாட்காட்டிகளையும் படச்சீட்டுகளையும் அச்சிட்டு அனுப்பிய ஊர். பிறருக்காகப் படங்களைப் பெருக்கிய அவ்வூர்த் தொழிலாளரின் முகங்களோ பிறர் எடுத்த படங்களிலேயே உலகிற்கு அறிமுகமாயின.

1. இருவகைப் படங்கள்

தமிழகத்தின் ஒளிப்பட நிலையங்களில் எடுக்கப்பட்ட பழைய உருவப்படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரித்தானிய நூலகத்தின் 'அழிவுறும் ஆவணங்கள் திட்ட'த்தின் துணையோடு மின்னுருவாக்கியது. திருமணத் தம்பதியர், பட்டம் பெற்றோர், குழந்தையை மடியில் வைத்த தாய் என அமையும் இவ்வகைப் படங்களில் இருப்போர் பணம் கொடுத்து, உடுத்தி, தாமே விரும்பி நின்றவர்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, வேறு உடன்பாடு இல்லாதவிடத்துப் பணம் கொடுத்துப் படம் எடுக்கச் செய்தவரே அதன் முதல் உரிமையாளர் ஆவார். ஆகவே, நிலையப் படத்தில் இருப்பவருக்கோ அவர் குடும்பத்தாருக்கோ ஓர் உரிமைப் பிடிமானம் இருந்தது.

தொழிற்கூடப் படங்களின் நிலை வேறு. 1980களில் சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் நிலை நாடளாவிய கவனம் பெற்றது. சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் 1990இல் வெளிவந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 10.12.1996 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. சட்டத்திற்கு மாறாகப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் ரூ.20,000 நல நிதியில் செலுத்த வேண்டும் என்றது. அக்காலத்துப் படங்கள் இத்தகைய மாற்றங்களுக்குத் துணைநின்றன. அவற்றின் பயனை மறுத்தல் இயலாது. எனினும், குச்சி அடுக்கிய கையும் மருந்து படிந்த முகமும் யாருடைய இசைவோடு எடுக்கப்பட்டன என்னும் வினாவுக்குப் படக்குறிப்புகளில் விடையில்லை. பதிப்புரிமை படம் எடுத்தவருக்கோ அவரைப் பணித்த நிறுவனத்திற்கோ உரியது. 1990இல் 10 வயதினராக இருந்தவர் இன்று நாற்பதுகளின் நடுவில் இருப்பார். அதே ஊரில் தம் பிள்ளைகளுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கவும் கூடும். 'குழந்தைத் தொழிலாளி' என்னும் குறிப்புடன் அவர் முகம் தேடுபொறியில் நிற்கிறது.

2. சட்டம் காட்டும் எல்லை

தனியுரிமை அடிப்படை உரிமையே என ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் 24.08.2017 அன்று தீர்ப்பளித்தது. சிறார் நீதிச் சட்டம், 2015, தொழிலாளர் சட்டங்களுக்கு மாறாக வேலை செய்யும் குழந்தையைப் 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' என வகைப்படுத்துகிறது. விசாரணை தொடர்பான செய்திகளில் அத்தகைய குழந்தையின் அடையாளத்தையும் படத்தையும் வெளியிடுவதைப் பிரிவு 74 தடுக்கிறது. இன்று எடுக்கப்படும் படத்திற்கு இவ்வளவு தயக்கம் காட்டும் நாம், முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட படத்தை 'வரலாறு' எனக் கூறி எளிதில் கடந்துவிடுகிறோம்.

மின்னிலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஆய்வு, ஆவணக் காப்பு ஆகிய நோக்கங்களுக்கு நிபந்தனையுடன் விலக்களிக்கிறது. இவ்விலக்கு தேவையானதே. ஆயினும், அதனைப் பெறும் காப்பகம் தன் பயனரிடம் தரவு கேட்கும்போது அச்சட்டத்தின் பிற பிரிவுகள் அதற்குப் பொருந்தும். குறித்த நோக்கத்திற்குத் தேவையான அளவே தரவு பெற வேண்டும் என்பதும் (பிரிவு 6), அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்பளிக்க வேண்டும் என்பதும் (பிரிவு 5) அவற்றுள் அடங்கும். ஒரு படத்தைப் பார்ப்பதற்குக் கைப்பேசி எண் எவ்வாறு தேவையாகிறது என்பதைக் காப்பகமே விளக்க வேண்டும்.

3. கட்டாயப் பதிவின் குறைகள்

முதலாவது, பதிவு பார்ப்பவரை அடையாளப்படுத்துகிறதேயன்றிப் படத்தில் இருப்பவரை மறைப்பதில்லை. கடவுச்சொல் பெற்ற எவரும் அதே முகத்தையும் அதே ஊர்ப்பெயரையும் காண்கின்றனர்.

இரண்டாவது, அது தவறான ஆளைத் தடுக்கிறது. பல்கலைக்கழக மின்னஞ்சலும் ஆய்வு நோக்கமும் கேட்கும் படிவத்தை ஆய்வாளர் சில நிமிடங்களில் நிரப்புவார். தம் தாயின் படம் அங்கு உண்டா எனத் தேடும் திருத்தங்கல் தொழிலாளிக்கு 'நிறுவனம்' என்னும் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. படத்தின்மீது மிகுந்த உரிமையுடையவரே வாயிலில் நிறுத்தப்படுகிறார்.

மூன்றாவது, திரட்டப்பட்ட தரவே இடராக மாறும். 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின்மீது நடந்த இணையத் தாக்குதலில் ஏறத்தாழ 600 ஜிகாபைட் தரவு திருடப்பட்டு வெளியிடப்பட்டது. அதில் பயனர் விவரங்களும் இருந்தன. 2024இல் இணைய ஆவணகத்தின் 3.1 கோடிப் பயனர் கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. அங்குத் தமிழ் நூல்களைப் பதிவின்றிப் படித்தோர் இழந்தது ஏதுமில்லை, பதிந்தோரே இழந்தனர். தொழிலாளர் போராட்டம், வெடிவிபத்து, சாதி மோதல் போன்ற பொருள்களில் ஆய்வு செய்வோரின் தேடல் வரலாறு கசிவது பெயர் கசிவதினும் கொடிது.

4. எதிர்வாதமும் மறுமொழியும்

பதிவு இல்லையெனில் முகமறி மென்பொருள்கள் படங்களை மொத்தமாக அள்ளிச் செல்லும் என்பது வலிமையான எதிர்வாதம். கிளியர்வியூ நிறுவனம் 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை இணையத்திலிருந்து திரட்டியது 2020இல் வெளிப்பட்டபின் இவ்வச்சத்தைப் புறக்கணிக்க முடியாது. ஆனால், மொத்தப் பதிவிறக்கத்தைத் தடுக்கும் தொழில்நுட்ப வரம்புகளைப் பயனரின் பெயரை அறியாமலே விதிக்கலாம்.

முகங்களை மங்கலாக்குக என்பது மற்றொரு கருத்து. அனைத்துப் படங்களிலும் அவ்வாறு செய்தால், தொழிலாளர் வரலாறு முகமற்ற கைகளின் வரலாறாகிவிடும். தம்மவரை அடையாளம் காணும் வாய்ப்பை வழித்தோன்றல்களும் இழப்பர். 30-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட 2012ஆம் ஆண்டு முதலிப்பட்டி வெடிவிபத்து போன்றவற்றின் படங்களிலும், உடல் சிதைவைக் காட்டுபவை வேறு, உயிரோடிருந்த காலத்து முகத்தைக் காட்டுபவை வேறு என்னும் பகுப்பு வேண்டும்.

5. தக்க மாற்று

படத்தின் தன்மையே அணுக்கத்தை முடிவு செய்தல் வேண்டும். பழைய நிலையப் படங்களைக் குறைந்த தெளிவில் பதிவின்றித் திறந்து வைக்கலாம். உயிருடன் இருக்கக்கூடியோர் குழந்தைத் தொழிலாளராகக் காட்சிதரும் படங்களில் திறந்த பதிப்பில் மட்டும் முகத்தை மங்கலாக்கி, ஊர், தெரு, ஆலைப் பெயர்களைக் குறிப்பிலிருந்து நீக்கலாம். முழுப்படத்தை ஆய்வாளருக்கும், எவ்வித நிறுவனச் சான்றும் கோராது குடும்பத்தாருக்கும் வேண்டுகோளின்பேரில் காட்டலாம். பதிவு தேவையெனில் அது இக்கட்டத்தில் மட்டும் அமைந்து, குறித்த காலத்தில் அழிக்கப்பட வேண்டும். 'இது என் படம். இதை நீக்குக' என்றோ 'இவர் என் தாத்தா. பெயரைச் சேர்க்க' என்றோ தமிழில், தொலைபேசி வழியாகவும், கூறுவதற்கு ஒரு வழி இருத்தல் வேண்டும். கடைசியாகக் கூறியது செலவு குறைந்தது; பயனோ மிகப் பெரிது.

முடிவுரை

கட்டாயப் பதிவு காப்பகத்தின் பொறுப்பைப் பயனரின்மேல் ஏற்றுகிறது. படத்தில் இருப்பவருக்கு எதையும் தருவதில்லை. தொழிற்கூடப் படங்கள் வரலாற்றுச் சான்றுகள் என்பதனால் அவற்றைப் பூட்டி வைத்தல் கூடாது. அவற்றில் வாழும் மனிதர் உள்ளனர் என்பதனால் வரைமுறையின்றித் திறத்தலும் கூடாது. இவ்விரண்டிற்கும் இடையே முடிவெடுக்கும்போது, சிவகாசி வட்டாரத் தொழிலாளர் குடும்பங்களையும் கலந்து பேசும் முறையைக் காப்பகங்களும் அவற்றைப் பயன்படுத்தும் நம் ஆய்வுத்துறைகளும் உருவாக்குதல் கடன்.