இமை போடும் நிழல்

ஆடி மழை பிடித்துக்கொண்டால் பந்தலூரில் வீட்டுக்குள் இருக்கும் தாளும் நமத்துவிடும். அதில் சார்கோல் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும். அப்போது பென்சிலோடு சார்ல் பார்க்கின் பாடப் படங்களைப் பார்த்து வரைய உட்காருவேன். ஓவியர் ழெரோமுடன் சேர்ந்து 1866 முதல் 1871 வரை பாரிசில் அவர் வெளியிட்டவை அவை.

அந்தக் கல்வியின் பொறுமைதான் எனக்கு உயிர். கன்னத்தின் வளைவை எடுத்தவுடன் வளைத்துவிடக் கூடாது. நேர்கோடுகளாக உடைத்து அளவு பார்க்க வேண்டும். நிழலுக்கு எல்லை கட்டுவது அதற்குப் பிறகு. மேல் இமை விழியின் மேல் போடும் மெல்லிய நிழலைப் பாருங்கள். விழியை வெறும் வெள்ளையாக விட்டால் பொம்மை. அந்தச் சாம்பல் கீற்றை இழைத்ததும் ஆள் நம்மைப் பார்க்கிறார்.

மேற்கத்திய வரைபயிற்சியை நம் பக்கம் ஊன்றியது, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளி. நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸின் பழங்குடிகள் பற்றிய நூல் 1873-ல் வந்தபோது, தோடர் முகங்களைப் பதிவு செய்ததும் அந்தப் பள்ளிதான், ஆனால் கேமராவால். வரைந்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு உண்டு. வரைபவர் ஒரு முகத்தின் முன் மணிக்கணக்கில் உட்கார்ந்தாக வேண்டும்.

அதே 1873-ல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியத்துக்கு ரவி வர்மா தங்கப் பதக்கம் வாங்கினார். ஓவியப் பள்ளி எதிலும் படிக்காதவர். அவர் படங்களில் பட்டையும் நகையையும் பிறகு ரசிக்கலாம். முதலில் இமையைப் பாருங்கள்.