சொல்லற்ற பனுவலும் மொழிபெயர்ப்பும்: ‘டெஸ்லாகிராட்’ காந்த விளையாட்டை முன்வைத்து

1. முன்னுரை

மொழிபெயர்ப்பியல் எழுத்துப் பனுவலையே தன் முதன்மை ஆய்வுப் பொருளாகக் கொண்டு வளர்ந்த துறையாகும். எனினும் ரோமன் யாகோப்சன் 1959இல் வெளியிட்ட கட்டுரையில் மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்தியபோதே அதன் எல்லை விரிந்துவிட்டது. ஒரு மொழிக்குள்ளேயே நிகழும் பெயர்ப்பு, இரு மொழிகளுக்கிடையே நிகழும் பெயர்ப்பு, மொழிக்குறிகளுக்கும் மொழியல்லாத குறிகளுக்கும் இடையே நிகழும் பெயர்ப்பு என்பன அம்மூவகை. மூன்றாம் வகைக்கு ஓவியம், இசை, திரைப்படம் ஆகியன எடுத்துக்காட்டுகளாகக் காட்டப்படுகின்றன. கணினி விளையாட்டுகளும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவையே.

கணினி விளையாட்டுகளுள் சில சொற்களை அறவே தவிர்த்துக் கதை கூறுகின்றன. இவற்றுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை, எந்நாட்டவரும் நேரே துய்க்கலாம் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இக்கருத்து எந்த அளவு பொருந்தும் என்பதை ஒரு விளையாட்டைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நார்வே நாட்டின் பெர்கன் நகரைச் சேர்ந்த ரெயின் கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2013 டிசம்பரில் வெளியிட்ட ‘டெஸ்லாகிராட்’ இதற்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. பெருநிறுவனங்களைச் சாராத தனி முயற்சிகளுள் இது பலராலும் அறியப்பட்ட ஒன்று.

2. கதையும் விதியும்

இவ்விளையாட்டு, பக்கவாட்டுத் தோற்றத்தில் ஓடியும் தாவியும் ஏறியும் தடைகளைக் கடக்கும் வகையைச் சார்ந்தது. தடைகளைக் கடக்க விரைவு மட்டும் போதாது. ஒவ்வோர் அறையும் ஒரு புதிராக அமைந்துள்ளது. எலெக்ட்ரோபியா என்னும் கற்பனை நாட்டில் அரசனின் காவலர்களுக்கு அஞ்சி ஓடும் சிறுவன் ஒருவன், நகரின் நடுவே கைவிடப்பட்டு நிற்கும் கோபுரத்திற்குள் புகுகிறான். அக்கோபுரம் மின்காந்த ஆற்றலைக் கையாண்ட பழங்குழுவினர்க்கு உரியது. அவர்கள் விட்டுச்சென்ற கருவிகளை ஒவ்வொன்றாகப் பெற்று அவன் மேலே ஏறுகிறான். இறுதியில் அரசனையே எதிர்கொள்கிறான். இக்கதை முழுதும் உரையாடலோ எழுத்தோ இன்றியே கூறப்படுகிறது.

முதலில் கிடைக்கும் கையுறையால் சிறுவன் சில உலோகப் பொருள்களைத் தட்டி அவற்றுக்குச் சிவப்பு அல்லது நீலத் தன்மை ஊட்டலாம். ஒரே நிறம் பெற்றவை ஒன்றையொன்று விலக்கும். வேறு நிறம் பெற்றவை ஒன்றையொன்று கவரும். விளையாட்டின் பெரும்பகுதி இவ்வொரு விதியின் விரிவே ஆகும். பின்னர்க் கிடைக்கும் மேலங்கி சிறுவனுக்கே அந்நிறத்தன்மையைத் தருகிறது. அதுவரை பிறபொருள்மேல் மட்டும் ஏற்றப்பட்ட குறி இப்போது செய்பவன்மேலும் ஏறுகிறது. படர்க்கையில் தொடங்கித் தன்மைக்கு வரும் இவ்வொழுங்கு கற்பித்தல் முறை என்ற அளவில் பாராட்டத்தக்கது.

3. இருமை எதிர்வும் சுழிநிலையும்

சிவப்பு, நீலம் ஆகிய இரண்டுக்கும் இவ்விளையாட்டில் தனித்த பொருள் எதுவும் இல்லை. சிவப்பு தீமையையோ நீலம் நன்மையையோ குறிக்கவில்லை. இரண்டையும் முற்றிலுமாக இடம் மாற்றினாலும் ஒரு புதிரும் மாறாது. குறியின் மதிப்பு அக்குறியில் இல்லை, பிற குறிகளோடு அது கொள்ளும் வேறுபாட்டில் உள்ளது என்று சசூர் கூறியதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு காண்பது அரிது.

இவ்வமைப்பை இரு கூறுகளால் ஆனதாக மட்டும் கொள்வது முழுமையாகாது. நிறம் ஊட்டப்படாத பொருளும் அமைப்பின் உறுப்பே. அது கவர்வதுமில்லை, விலக்குவதுமில்லை. தமிழில் எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை; ஆயினும் ‘மரத்தை’, ‘மரத்துக்கு’ என்பன உள்ளமையால் ‘மரம்’ என்னும் உருபற்ற வடிவமும் ஒரு வேற்றுமைப் பொருளைப் பெறுகிறது. அதுபோலவே இங்கும் நிறமின்மை ஒரு மதிப்பாகச் செயற்படுகிறது. பல புதிர்களில் விடை, எதற்கு எந்நிறம் ஊட்டுவது என்பதில் மட்டும் அன்றி, எதைத் தொடாமல் விடுவது என்பதிலும் அடங்கியுள்ளது.

விதி எங்கும் சொல்லப்படுவதில்லை என்பது நோக்கத்தக்கது. விளையாடுபவர் செய்து பார்க்கிறார். விளைவு உடனே தோன்றுகிறது. கருதுகோள் உறுதிப்படுகிறது அல்லது கைவிடப்படுகிறது. குழந்தை இலக்கண நூலின்றி மொழியைப் பெறுவதோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். இந்நிலையில் சொல்லின்மை குறையாகத் தோன்றவில்லை. சொல் இங்கு மிகையாகவே இருந்திருக்கும். விளையாட்டின் இத்தளம் எம்மொழியினர்க்கும் பொதுவானது என்பதை ஐயமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

4. திறனும் செயலும்

இத்தளத்திலும் ஒரு குறை உண்டு. சாம்ஸ்கி மொழித்திறன், மொழிச்செயல் என்று பிரித்துக் காட்டிய வேறுபாடு இதனை விளக்க உதவும். மின்பொறி ஒருமுறை பட்டாலே சிறுவன் இறந்துவிடுகிறான். பல இடங்களில் விடையை அறிந்த பின்னரும், அதனை நொடிப்பொழுதின் பிசகின்றிக் கைவிரல்களால் நிறைவேற்ற வேண்டியுள்ளது. ஆகவே தோல்வி நேரும்போது, பிழை எண்ணத்தில் உள்ளதா, கையில் உள்ளதா என்பது விளையாடுபவர்க்குப் புலப்படுவதில்லை. சரியான விடையைக் கண்டவர் கை தவறியதால் அதனைத் தவறென்று கருதிக் கைவிட நேர்கிறது.

சாதாரண அறைகளில் மறுமுயற்சி உடனே கிடைப்பதால் இக்குழப்பம் பெரிதாவதில்லை. பெரும்பகைவர்களோடு நிகழும் நீண்ட போர்களில் ஒரு தவறு முழுப் போரையும் தொடக்கத்திற்கே கொண்டுசெல்கிறது. சொல்லின்றிக் கற்பிக்கும் பனுவலுக்கு விளைவு ஒன்றே மொழி. அம்மொழி இருபொருள்படுமானால் கற்பித்தல் தடைப்படும். திருத்திச் சொல்ல வேறு வழி இல்லாத பனுவல், தன் ஒரே வழியைத் தெளிவாக வைத்திருப்பது இன்றியமையாதது.

5. பொம்மலாட்டமும் ‘ஆம்’ ஈறும்

கதை கூறும் தளம் இதனின்றும் வேறுபட்டது. கோபுரத்தின் உள்ளே ஆங்காங்கே பொம்மலாட்ட மேடைகள் உள்ளன. திரை விலகுகிறது, அரசனுக்கும் கோபுரத்தார்க்கும் இடையே இருந்த பழைய உறவும் அது முறிந்த வரலாறும் பொம்மைகளால் நடித்துக் காட்டப்படுகின்றன. ஆங்காங்கே கண்டெடுக்கும் ஓவியச் சீட்டுகள் அவ்வரலாற்றின் எஞ்சிய துணுக்குகளைத் தருகின்றன.

படம் எதையும் நிகழ்வதாகவே காட்டும். எதிர்மறை, நிபந்தனை, பிறர் கூற்று ஆகியவற்றைக் காட்டுவதற்குப் படத்தில் உருபுகள் இல்லை என்பது குறியியலார் அறிந்ததே. இவ்விளையாட்டு அத்தடையைத் திறம்படக் கடந்துள்ளது. மேடையும் திரையும் சேர்ந்து, ‘இது நேரே காணப்படுவது அன்று, சொல்லப்படுவது’ என்று உணர்த்துகின்றன. தமிழில் ‘அரசன் நாட்டைக் கைப்பற்றினான்’ என்பதற்கும் ‘கைப்பற்றினானாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ‘ஆம்’ என்னும் ஈறு காட்டுவது போல, இங்குப் பொம்மலாட்டச் சட்டகம் அப்பணியைச் செய்கிறது. சொல்லற்ற கதைகூறலில் கூற்றுநிலையைக் குறிக்கும் ஓர் உருபை ஆக்கியிருப்பது இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு எனலாம்.

எனினும் ‘ஆம்’ ஈறு செய்தியின் தோற்றுவாயைக் கூறுவதில்லை, ‘யார் சொன்னார்?’ என்னும் வினாவை எழுப்பி நிறுத்திவிடுகிறது. தமிழில் அடுத்த தொடர் அவ்வினாவுக்கு விடை தரலாம். விளையாட்டில் அடுத்த தொடர் இல்லை. மேடையை அமைத்தவர் யார், கதை கோபுரத்தார் தம் பக்கத்தை நிறுவக் கூறியதா, நடுநிலையான நினைவா என்பன இறுதிவரை தெளிவாவதில்லை. அரசனை எதிர்க்கும் சிறுவனின் செயல் அறமா, வழிவழிப் பகையா என்னும் கேள்வி இதனையே சார்ந்துள்ளது. விதியைத் துல்லியமாகக் கூறும் விளையாட்டு, அறத்தைக் கூற வருமிடத்தில் மங்கிவிடுகிறது.

படிப்போரின் பண்பாட்டு நினைவும் இங்குக் குறுக்கிடுகிறது. முடியரசன், சீருடைக் காவலர், கூரைகள் நெருங்கிய பழைய நகரம் ஆகியவற்றை ஐரோப்பிய வரலாறு அறிந்தவர் ஒரு நொடியில் இனங்காண்பார். அதனை அறியாதவர் பொதுவான கொடுங்கோலன் கதையாகக் கொள்வார். இருவரும் ஒரே திரையைக் காண்கின்றனர்; ஒரே பனுவலைப் படிக்கவில்லை. அச்சிட்ட நூலாயின் மொழிபெயர்ப்பாளர் ஓர் அடிக்குறிப்பால் இவ்விடைவெளியைக் குறைப்பார். இங்கு அடிக்குறிப்புக்கு இடமில்லை. சொல்லை நீக்கியதால் மொழிபெயர்ப்பு நீங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டுமே நீங்கினார். அவர் செய்திருக்க வேண்டிய பணி துணையின்றி விளையாடுபவர் தலைமேல் விழுகிறது.

6. பெயரிடும் சிக்கல்

இவ்விளையாட்டைப் பற்றி ஒரு தொடர் எழுத முற்படும்போதே, அது ஒத்திவைத்த சிக்கல் வெளிப்படுகிறது. சிவப்பும் நீலமும் எவற்றைக் குறிக்கின்றன? காந்தம் என்று கொண்டால் அவற்றை வடதுருவம், தென்துருவம் எனலாம். ஆனால் மெய்யுலகில் எந்தக் காந்தத்துக்கும் இரு துருவங்கள் உண்டு. அதனை எத்தனை துண்டுகளாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் இரு துருவங்களையே பெறும். தனித்த ஒற்றைத் துருவம் இன்றுவரை கண்டறியப்படவில்லை. விளையாட்டிலோ ஒரு பொருள் முழுவதும் ஒரு நிறமே பெறுகிறது. மேலும், காந்தமாக்கப்படாத இரும்பை மெய்யான காந்தத்தின் இரு துருவங்களும் கவரும். விளையாட்டில் நிறமற்ற பொருள் அசைவதில்லை. இவ்வியல்புகளை நோக்கின், இங்குக் காட்டப்படுவது காந்தத்தைவிட நேர், எதிர் மின்னூட்டங்களையே பெரிதும் ஒத்துள்ளது.

1820இல் டென்மார்க் அறிவியலார் ஏர்ஸ்டெட், மின்னோட்டம் காந்த ஊசியை விலகச் செய்வதைக் காட்டிய பின்னர் இவ்விரு புலங்களும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது நிலைபெற்றது. எனினும் துருவம் வேறு, மின்னூட்டம் வேறு. படம் இரண்டையும் பிரிக்காமல் வைத்திருக்க முடிகிறது. சொல் பிரித்தே ஆக வேண்டும். ‘காந்தத் துருவம்’ என்று எழுதுபவர் இயற்பியலில் பிழை செய்கிறார். ‘மின்னூட்டம்’ என்று எழுதுபவர் காந்தத்தை மையமாகக் கொண்ட விளையாட்டின் பெயர்ப்பொலிவைக் குலைக்கிறார்.

தமிழ் அறிவியல் வழக்கில் இதற்கு ஒரு தீர்வு உள்ளது. ‘ஓரினத் துருவங்கள்’, ‘ஓரின மின்னூட்டங்கள்’ என்று இரண்டுக்கும் பொதுவாக வழங்கும் ‘ஓரினம்’, ‘வேறினம்’ ஆகிய சொற்கள் விளையாட்டின் விதியைச் சிதையாமல் ஏற்கின்றன. ‘ஓரின நிறங்கள் விலக்கும், வேறின நிறங்கள் கவரும்’ என்னும் தொடரில் துருவமும் இல்லை, மின்னூட்டமும் இல்லை. உறவு மட்டும் எஞ்சுகிறது. ‘ஈர்ப்பு’ என்னும் சொல்லைப் புவியீர்ப்புக்கு விட்டுக் ‘கவர்தல்’ என்பதை இங்குக் கையாள்வதும் நன்று. இவ்விளையாட்டில் சிறுவன் கீழே விழுவதும் கவரப்படுவதும் ஒரே காட்சியில் நிகழ்வதால் இரண்டையும் வேறுபடுத்த வேண்டியுள்ளது.

7. எஞ்சிய ஒரு சொல்

சொல்லற்ற இவ்விளையாட்டு தவிர்க்க இயலாத சொல் அதன் தலைப்பாகும். ‘டெஸ்லா’ 1856இல் பிறந்த நிகோலா டெஸ்லாவின் பெயர். 1960 முதல் காந்தப் பாய அடர்த்தியின் அலகுக்கும் அதுவே பெயர். ‘கிராட்’ என்பது நகரைக் குறிக்கும் சிலாவியச் சொல். பெயர்களின் இறுதியில் நின்று ஊரைக் குறிக்கும். நார்வேக் குழுவினர் சிலாவிய ஈற்றைத் தேர்ந்தமை தற்செயலானது அன்று. அவ்வீறு, சிலாவிய ஊர்ப்பெயர்களை அறிந்தவர்க்குக் கிழக்கு ஐரோப்பாவின் நினைவை எழுப்புகிறது. ‘டெஸ்லாபுரம்’ என்று பெயர்த்தால் நகர் என்னும் பொருள் வரும், நினைவு வாராது. ஒலிபெயர்த்தால் நினைவுக்குரிய வடிவம் இருக்கும், பொருள் விளங்காது. சொல்லை விலக்கிய பனுவல் தன் வாயிலிலேயே மொழிபெயர்ப்பின் பழைய சிக்கலைத் தாங்கி நிற்கிறது.

அதே குழுவினர் 2017இல் வெளியிட்ட ‘வேர்ல்ட் டு தி வெஸ்ட்’ இவ்வுலகையே களமாகக் கொண்டு நால்வரின் கதையைக் கூறுகிறது. ஆனால் அதில் எழுத்து வடிவ உரையாடல் உள்ளது. ஒருவன் ஓடி ஏறும் கதைக்குப் போதுமான அமைதி, பலர் தத்தம் நோக்கங்களோடு எதிர்ப்படும் கதைக்குப் போதவில்லை எனக் கருத இடமுண்டு.

8. முடிவுரை

‘டெஸ்லாகிராட்’ விளையாட்டில் இரு தளங்கள் உள்ளன. விளைவால் மெய்ப்பிக்கப்படும் குறிகளின் தளம் எல்லைகளைக் கடக்கிறது. நினைவால் பொருள்பெறும் குறிகளின் தளம் கடப்பதில்லை. இவ்விரண்டையும் பிரிக்காமல், சொல்லற்றவை யாவும் உலகப் பொது என்பது ஏற்புடையதன்று.

இந்திய மொழிகளை நோக்க இது வெறும் கோட்பாட்டுச் சிக்கல் அன்று. சொல்லற்ற விளையாட்டு எம்மொழிக் குழந்தையையும் வெளியே நிறுத்துவதில்லை. இது பெரும் நன்மையே. ஆனால் அது எம்மொழியையும் உள்ளே அழைப்பதும் இல்லை. எல்லா மொழிகளும் சமமாக இல்லாதிருப்பதால் கிடைக்கும் சமன்மை, மொழிகள் பயன்பாட்டில் பெறும் சமன்மை ஆகாது. திரையில் இடமில்லாதபோது மொழிக்குரிய இடம் திரைக்கு வெளியே உள்ளது. தலைப்பைப் பெயர்த்தல், விதியைப் பிழையின்றிக் கூறுதல், விளையாடிய பின் எழும் ‘யார் சொன்னார்?’ என்னும் வினாவைத் தாய்மொழியில் விவாதித்தல் ஆகியவை மொழிபெயர்ப்பாளர்க்கும் திறனாய்வாளர்க்கும் உரிய பணிகள். அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்களைச் சீர்செய்து தருவது மொழியியலாளரின் பொறுப்பாகும்.