ஓயாமல் வேலை வாங்கினால் மிரட்சி போகுமா?

மிரளும் குதிரையைப் பழக்குவோர் பலர் கையில் வைத்திருக்கும் வைத்தியம் ஒன்று உண்டு: மைதான ஓரத்தில் குடை விரிந்தாலோ பிளாஸ்டிக் பை பறந்தாலோ, குதிரையைப் பார்க்க விடாதே, உடனே வேலை கொடு. சின்ன வட்டம், நடையிலிருந்து ட்ராட் என்னும் மெல்லோட்டம், மறுபடி நடை, தோளை உள்ளே வாங்கும் பக்கநடை என்று ஏவிக்கொண்டே இருந்தால் கவனம் சவாரிக்காரரிடமே நிற்கும் என்பது கணக்கு. கணக்கில் பாதி சரி. 18ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆசான் கெரினியேர் குதிரையின் உடலை இளக்குவதற்காகப் பரப்பிய பக்கநடை, இங்கே வேறொரு உதவியும் செய்கிறது. உடல் வளைந்திருக்கும் குதிரை பாய்ந்தோட முதலில் நிமிர வேண்டும். அந்தக் கணத்தில் சவாரிக்காரர் சுதாரித்துக்கொள்ளலாம்.

கோளாறு 'பார்க்க விடாதே' என்பதில் இருக்கிறது. குதிரையின் பார்வை ஏறக்குறைய 350 டிகிரி விரிந்தது. நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்குப் பின்னும் மட்டுமே மறைவு. தலையைத் திருப்பினாலும் குடை அதன் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருக்கும். இரு கண்ணாலும் சேர்த்துப் பார்த்துத் தூரத்தை மதிப்பிடும் வசதியை மட்டும் நாம் பிடுங்கிக்கொள்கிறோம். போதாததற்குக் குடை தெரியும்போதெல்லாம் வாயில் கடிவாளம் இறுகி, விலாவில் குதிகால் அழுந்தினால், குடை வந்தால் தொல்லையும் வரும் என்றே அது கற்றுக்கொள்ளும். டென்மார்க்கில் இரண்டு வயது ஆண் குதிரைகள் 27ஐ வைத்து நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், அசையும் வெள்ளை நைலான் பைக்கு அவற்றை மூன்று விதமாகப் பழக்கிப் பார்த்தார்கள். பையை முழுதாக ஒரேயடியாகக் காட்டிப் பழக்கியவற்றைவிட, தீனியோடு இணைத்துக் காட்டிப் பழக்கியவற்றைவிட, படிப்படியாகக் கூட்டிக் காட்டிப் பழக்கிய குதிரைகளே குறைவாக மிரண்டன, விரைவாகவும் தேறின. ஓயாமல் வேலை வாங்கும் முறையை அந்த ஆய்வு சோதிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அச்சத்தின் அளவைக் குறைப்பதே வழி என்ற திசையை அது காட்டுகிறது; வேலை வாங்குவது அளவைத் தொடுவதே இல்லை.

நின்று பார்க்க விட்டால் செல்லம் கொடுத்ததாகிவிடும் என்பார்கள். திரும்பி ஓட விட்டால்தான் அப்படி: ஓடியதும் பயம் விலகுகிறது, ஓட்டத்துக்குப் பரிசு கிடைக்கிறது. நின்று பார்ப்பதில் அந்தப் பரிசு கிடையாது. மிரளும் குதிரையை அடித்தால் பயம்தான் கூடும், மிரளவைத்த பொருளிடம் இதமாக அழைத்துப் போ என்று கிரேக்கத்தின் செனபோன் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார். சாலையில் அதற்கெல்லாம் நேரமேது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அங்கே வட்டமும் பக்கநடையும் முதலுதவியாக வேண்டியதுதான். முதலுதவிக்கும் எல்லை உண்டு. 2024 ஏப்ரல் 24 அன்று லண்டனில் கட்டுமான இடத்தில் கான்கிரீட் விழுந்த சத்தத்தில், நகரத் தெருக்களிலேயே பழக்கப்பட்ட ராணுவக் குதிரைகள் சவாரிக்காரர்களைத் தள்ளிவிட்டு ஓடின. அந்த அளவு அச்சத்தில் எந்த ஏவலும் காதில் ஏறாது. ஆகவே பயிற்சி மைதானத்தில் முதலில் பார்க்க வேண்டியது காதைத்தான். ஒரு காது குடைப் பக்கமும் மற்றது சவாரிக்காரர் பக்கமுமாக இருந்தால் வட்டம் கேட்கலாம். இரண்டும் முன்னால் குத்திட்டு, கழுத்து உயர்ந்து விறைத்து, மூச்சும் அடங்கிவிட்டால் வேலையை நிறுத்தி, ஓட விடாமல் நடையிலேயே குடையிலிருந்து விலகிப் போய், ஒரு காதாவது பின்னால் திரும்பும்வரை நிற்க விடுவதே சரி.