பெவிலியனும் மரத்தடியும்

பழைய சென்னைக் கிரிக்கெட் பற்றிய நினைவுக் குறிப்புகளில் சேப்பாக்கத்து மரநிழல் தவறாமல் வரும். பொங்கலையொட்டி ஐரோப்பியரும் இந்தியரும் மோதிய மாகாண ஆட்டம், நடுவர் விரல் உயர்த்தும் முன்பே வெளியேறிவிடும் மட்டையாளர், தோற்றவரிடமும் குறையாத மரியாதை என்று நெகிழ்ந்து எழுதுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆட்டக்காரர்களின் குணத்தை ஸ்கோர் அட்டை சொல்லாது. அதைக் காத்துத் தந்தவை இந்த நினைவுகள்தாம். ஆனால் நிழலின் குளுமையை எழுதுபவர்கள், அங்கே உட்கார்ந்தவர்கள் ஏன் அங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்பதில்லை. 1846இல் தொடங்கிய மதராஸ் கிரிக்கெட் கிளப்பின் பெவிலியனில் இந்தியர்களுக்கு இடமில்லை. ஆட வந்த இந்தியர்களும் மரத்தடியில்தான் சாப்பிட்டார்கள்.

அன்றைய வழக்கத்தை இன்றைய நியாயத்தால் அளக்கலாமா என்று கேட்பார்கள். அன்றைக்கே அளந்தவர் ஒருவர் இருக்கிறார். அந்த அவமதிப்பைப் பொறுக்காமல் 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார் புச்சிபாபு நாயுடு. செல்வர், மட்டையும் பந்தும் தாமே வாங்கித் தந்து இளைஞர்களை ஆட வைத்தவர். அவருடைய பெருந்தன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆயினும் ஏழைப் பையன் ஆடுவதற்கு ஒரு செல்வரின் மனம் இளக வேண்டியிருந்தது என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

எளியவர்களும் மேலே வந்தார்களே என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதற்குச் சான்றாக எம்.ஜே. கோபாலனைக் காட்டுவார்கள். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்தில் பிறந்தவர்; சி.பி. ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயரின் கண்ணில் பட்டு, பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும் பெற்றார். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். ஜான்ஸ்டனின் பரிவு உண்மையானது. ஆனால் அவர் கண்ணில் படாத கோபாலன்கள் எந்த நினைவுக் குறிப்பிலும் இருக்க முடியாது. ஒருவர் ஏறி வந்ததை வைத்து ஏணி எல்லோருக்கும் இருந்தது என்று முடிவுகட்டலாகாது. ஏறி வந்தவருக்கும் ஓர் எல்லை இருந்தது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலையில் கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. அவருக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்டில்கூட வாய்ப்பில்லை. தேர்ந்த ஆட்டக்காரரான சி.கே. நாயுடு அதே கிரிக்கெட் அணியில் இருக்க, தலைமை விஜயநகரம் ஜமீன் குடும்பத்து மகாராஜகுமாருக்குப் போயிருந்தது. மூன்று டெஸ்டுகளிலும் ஆடிய அவர் எடுத்தவை மொத்தம் 33 ஓட்டங்கள்.