இரண்டு கட்டத்துக்குள் ராஜேந்திர சோழன்

2016-இல் வந்த 'சிவிலைசேஷன் 6' என்ற கணினி விளையாட்டு உலக வரலாற்றை அறுகோணக் கட்டங்களாக நறுக்கிப் போட்டிருக்கிறது. அதில் மாபெரும் கடற்படைத் தளபதிகள் என்றொரு வரிசை. நெல்சன் இருக்கிறார், கொரியாவின் யி சுன் சின் இருக்கிறார், ராஜேந்திர சோழன் இருக்கிறான். இதைப் பார்த்துப் பூரித்துப்போகிற தமிழ் மனம் அதே வரிசையில் இன்னொரு பெயரைக் கண்டதும் முகம் சுளிக்கிறது: கிளான்சி ஃபெர்னாண்டோ. இலங்கைக் கடற்படையின் தளபதி. 1992 நவம்பர் 16 அன்று கொழும்பில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டவர். அடுத்த ஜனவரியில் கிளாலி நீரேரியைப் படகில் கடந்த சனங்களைக் கொன்றது இதே கடற்படைதான்.

கோபம் நியாயம். ஆனால் இவனை வை, அவனை எடு என்பதோடு வாசிப்பு முடிந்துவிடுமா? இந்தப் பிரதியில் தளபதி என்பவன் யார்? இரண்டு கட்டத்துக்குள் நிற்கிற, அவன் காலத்துக் கப்பல்களுக்கு வலு ஐந்து கூடும். அதோடு ஒருமுறை கிடைக்கும் ஒரு சலுகை. புள்ளி சேர்த்தவன் எவனும் அவனை எடுத்துக்கொள்ளலாம், நார்வேக்காரனாக ஆடுகிறவன் உட்பட. துடுப்பு வலித்தவன் இல்லை, கரையில் செத்தவன் இல்லை. சரி, கடாரப் படையெடுப்பை (1025) பாடுகிற மெய்க்கீர்த்தியில் மட்டும் இருக்கிறார்களா? ராஜா கலங்களைச் செலுத்தினான் என்கிறது. ஒரு மாலுமி பேர்கூடக் கிடையாது. விளையாட்டு வரலாற்றைத் திரித்துவிட்டது என்று கத்துவதற்கு ஒன்றுமில்லை. மெய்க்கீர்த்தியின் கதையாடலை அது ஒழுங்காகத் தொடர்கிறது, அவ்வளவுதான்.

நாங்குநேரியில் நின்று பார்த்தால் இன்னொன்று தெரியும். இந்தச் சீமைக்கு ராஜேந்திரன் கடல்வீரன் அல்ல, தரைவழி வந்த மேலதிகாரம். தன் மகனுக்குச் 'சோழ பாண்டியன்' என்று பட்டம் கட்டிப் பாண்டிநாட்டை ஆளவிட்டான். அம்பாசமுத்திரம் பக்கத்து மன்னார்கோயிலில் சேரன் ராஜசிம்மன் எழுப்பிய கோயிலுக்குப் பெயர் ராஜேந்திர சோழ விண்ணகரம். அடங்கினவன் கட்டினான், அடக்கினவன் பேர் நின்றது.

இப்போது சோழன் எங்காளு, பாண்டியன் எங்காளு என்று ஆளாளுக்குச் சுவரொட்டி. ஆண்ட பரம்பரையாம். 2023 ஆகஸ்டில் இதே நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. விளையாட்டு அவர்களைக் கெடுத்தது என்று சொல்ல வரவில்லை. ராஜா பக்கத்தில் நின்றால் வலு கூடும் என்கிற கணக்கு கம்ப்யூட்டருக்கு முந்தியே ஊரில் இருக்கிறது. கையில் கட்டுகிற சாதிக்கலர்க் கயிறு வேறென்ன? அதைப் பள்ளிக்கூடத்தில் தடைசெய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. 2025-இல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர் தனி நாகரிகமாகவே வந்துவிட்டார்கள்.