புகை சான்றாகாது

சேலம், நாமக்கல் பக்கம் பழைய டீசல் ஜீப்பின் இன்ஜினை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துக் கோர்ப்பவர்களைப் பாராட்டுவோர் உண்டு, எள்ளுவோரும் உண்டு. எடைபோடுவோர்தான் குறைவு. பாராட்டுபவர் வண்டி ஓடுகிறதா என்று மட்டும் பார்க்கிறார். எள்ளுபவர் கம்பெனி முறைப்படி நடந்ததா என்று மட்டும் பார்க்கிறார். ஓடுகிற இன்ஜின் எல்லாம் நல்ல இன்ஜின் ஆகிவிடாது. கம்பெனியே கைகழுவிவிட்ட இன்ஜினுக்குக் கம்பெனி முறையை மட்டும் கேட்பதும் நியாயமாகாது. செய்த வேலை இன்ஜினின் மூல வடிவத்தோடு இசைகிறதா, அதை அளந்து காட்ட முடியுமா, ஓரிடத்தில் செய்த மாற்றத்தை வண்டியின் மற்ற உறுப்புகள் தாங்குமா என்று கேட்டால்தான் மதிப்பீடு தொடங்கும்.

கொட்டகைக்கு வரும் மகிந்திரா ஜீப்புகளில் இரண்டு மரபுகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று டிராக்டர் மரபு. 1963இல் மகிந்திரா கூட்டாகத் தொடங்கிய இன்டர்நேஷனல் டிராக்டர் கம்பெனியின் பி-275 டிராக்டரோடு உறவுள்ள, ஏறத்தாழ 2350 சிசி கொண்ட இன்ஜின். மெதுவாகச் சுற்றும், அழுத்தமாக இழுக்கும். மற்றது பிரான்ஸின் பிஜோ கம்பெனி உரிமத்தில் வந்த எக்ஸ்டிபி 4.90. போர் 90 மிமீ, ஸ்ட்ரோக் 83 மிமீ, கொள்ளளவு 2112 சிசி. 4500 ஆர்பிஎம்மில் 62 குதிரைத்திறன். மகிந்திரா எம்எம்540 ஜீப் என்றதும் காதில் கேட்பது இதன் சத்தம்தான். முன்னது உழவுக்குப் பிறந்தது, பின்னது காருக்குப் பிறந்தது. ஒன்றுக்குச் சரியான வைத்தியம் மற்றொன்றுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை. நம் கொட்டகைகளில் இந்த வேறுபாடு போதிய அளவு மதிக்கப்படுவதில்லை என்பதே முதல் குறை.

நிறைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. இந்த வட்டாரத்தில் வீட்டு வேலை என்பது தனியாள் சாகசம் இல்லை. நன்கு வகுக்கப்பட்ட வேலைப் பங்கீடு. நாமக்கல்லின் பாடி கட்டும் பட்டறைகளும், திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகளும், சங்ககிரியின் லாரித் தொழிலும் வளர்த்துவிட்ட பம்ப் சர்வீஸ் கடை, லேத், கிராங்க் கிரைண்டிங், ரேடியேட்டர் கடை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. பிரிப்பது, கழுவுவது, கோர்ப்பது, காற்று எடுப்பது வீட்டில். நுண்ணளவு கேட்கும் வேலை டவுனில். இந்த எல்லைக் கோட்டைச் சரியாக அறிந்தவர் செய்த இன்ஜினுக்கும் சர்வீஸ் சென்டரில் செய்த இன்ஜினுக்கும் நான் வேறுபாடு கண்டதில்லை. கோட்டைத் தாண்டி இன்ஜெக்‌ஷன் பம்பையே வீட்டுத் திண்ணையில் திறந்தவர் செய்தது வேறு கதை. தூசி படிந்த மேசையும் மைக்ரான் கணக்கில் பொருந்தும் பிளஞ்சரும் ஒன்றாக இருக்க முடியாது.

வீட்டு வேலையின் தரம் எங்கே உயர்கிறது, எங்கே சரிகிறது என்பதை நாசில் மாற்றும் ஒரு வேலையிலேயே பார்த்துவிடலாம். நாசில் ஹோல்டருக்கு அடியில் ஒரு செம்பு வாசர் உண்டு. புதிது கையில் இல்லாவிட்டால் பழையதைச் செக்கச்செவேலென்று காய்ச்சி நீரில் முக்கி எடுக்கிறார்கள். இறுகிப்போன செம்பு மறுபடி இளகிவிடுகிறது. முறை முற்றிலும் சரி, செலவும் இல்லை. அதே கை அடுத்த நிமிடமே பிழை செய்கிறது. பழைய வாசர் சில சமயம் ஹோல்டரோடு வெளியே வராமல் ஹெட்டின் குழியிலேயே ஒட்டிக்கொள்ளும். டார்ச் அடித்துப் பார்க்காமல் அதன் மேலேயே இன்னொன்றைப் போட்டு முடுக்குகிறார்கள். நாசில் ஒரு வாசர் தடிமன் மேலேறி நிற்கிறது. டீசல் விழ வேண்டிய இடத்தில் விழுவதில்லை, ஸ்டார்ட்டிங் மந்தமாகிறது, புகை கூடுகிறது. பழி பம்புக்குப் போகிறது. பம்ப் கழன்று டவுனுக்குப் போய், டெஸ்ட் பெஞ்சில் குறையே இல்லை என்று திரும்பி வருகிறது. கைத்திறன் இருந்தும் சரிபார்க்கும் ஒழுக்கம் இல்லாததால் கெட்ட வேலைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

குளிரூட்டும் நீர் பற்றிய அலட்சியம் இதைவிடக் கனமான குற்றம். எக்ஸ்டிபி போன்ற முன்னறை இன்ஜினில் எரிவெப்பத்தின் கூடுதல் பங்கு அறைச் சுவர் வழியே நீருக்கே போய்ச் சேர்கிறது. ரேடியேட்டர் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். நம்மவர்களோ அதில் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் வெட்டுகிற மண் இது; கிணற்றங்கரைப் பாத்திரத்தில் வெள்ளை படிவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், இன்ஜினுக்குள் அதே வெள்ளை படியும் என்று ஏனோ நினைப்பதில்லை. நீர்ப்பாதை சுருங்கி வண்டி கொதித்தால் அடுத்த வைத்தியம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது. சமவெளியில் பயன் தருவதுபோலத் தோன்றும். உண்மையில் இன்ஜின் காலையில் தன் வெப்பநிலைக்கு வரவே நேரமாகிறது; மூலக் காரணமான படிவு அப்படியே இருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏறும்போது அது தன்னைக் காட்டுகிறது. அலுமினிய ஹெட் வளைந்து, கேஸ்கெட் ஊதி, ஹெட் பிளேனிங்குக்குப் போகிறது. காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் போட்டிருந்தால் அந்தச் செலவில் சிறு பகுதிதான் ஆகியிருக்கும். ஹெட் போல்ட்டைக் கை மதிப்பில் முடுக்கும் வழக்கத்தையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். முப்பது வருட அனுபவமுள்ள கைக்கும் டார்க் ஸ்பேனர் தேவை.

பிஎஸ்-6 டீசலில் கந்தகம் இல்லை, பம்ப் தேய்ந்துவிடும் என்று டேங்கில் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலப்பவர்களுக்கு ஒரு வரி போதும். கந்தகம் 10 பிபிஎம்முக்கு இறங்கினாலும், மசகுத்தன்மைச் சோதனையில் தேய்தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்ற வரம்புக்கு உட்பட்டே அந்த டீசல் பெட்ரோல் பங்க்குக்கு வருகிறது.

இனி மாற்றங்கள். மிக மலிவானது, மிகப் பரவலானது, பம்பின் ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டுவது. இழுவை கூடும், மறுக்கவில்லை. ஆனால் டர்போ இல்லாத இன்ஜின் உறிஞ்சும் காற்றுக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு மேல் போகும் டீசல் கரும்புகையாகவும் பிஸ்டன் தலையில் வெப்பமாகவும் மாறுகிறது. கரும்புகையைப் பவரின் அடையாளமாகக் கொண்டாடும் ரசனை லாரிப் பேட்டையிலிருந்து கொட்டகைக்கு வந்தது. அது வீணாகும் டீசலின் அடையாளம். பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகைச் சோதனையில் 65 ஹெச்எஸ்யூ (புகையடர்த்தி அலகு) வரை சலுகை உண்டு. அதிலும் தேறாத வண்டியை ‘செம பிக்கப்’ என்று சொல்பவர் தன் காதை நம்புகிறார், கருவியை நம்பவில்லை.

டர்போ ஏற்றுவது லட்சிய மாற்றமாகப் பேசப்படுகிறது. அதை மதிப்பிட பிஜோவே ஓர் ஆதாரத்தை விட்டுச் சென்றிருக்கிறது. எக்ஸ்டிபி இன்ஜின் குடும்பத்தின் 2304 சிசி வடிவத்துக்கு டர்போ பொருத்தி 1979இல் 604 காரில் விற்றார்கள். 70 குதிரைத்திறன் 80 ஆனது, அவ்வளவுதான். உருவாக்கிய கம்பெனியே பத்து குதிரைத்திறனோடு நின்ற இடத்தில், பழைய பிஸ்டனும் பழைய பேரிங்கும் வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவதாகச் சொல்பவர் எக்ஸாஸ்ட் வெப்பநிலை மீட்டரையாவது மாட்டிக் காட்ட வேண்டும். நான் பார்த்த டர்போ ஜீப்புகளில் பூஸ்ட் கேஜ் இருந்தது. வெப்ப மீட்டர் ஒன்றில்கூட இல்லை. எதை அளப்பது என்ற தேர்விலேயே நோக்கம் தெரிந்துவிடுகிறது.

எக்ஸ்டிபியை இறக்கிவிட்டு 2523 சிசி டிஐ இன்ஜினை ஏற்றுவது அறிவார்ந்த மாற்றம். நேரடி உட்செலுத்தலில் டீசல் மிச்சம், ஸ்டார்ட்டிங் எளிது, பாகங்கள் எங்கும் கிடைக்கும். இந்த மாற்றத்தின் குறை இன்ஜினுக்கு வெளியே இருக்கிறது. 4500 சுற்றுக்கு வகுத்த கியரையும் ஆக்ஸிலையும் அப்படியே விட்டுவிட்டு, 3200 சுற்றில் தன் உச்சத்தைத் தொடும் இன்ஜினைப் பூட்டுகிறார்கள். கணக்கு எளிது: அதே கியரில் எட்டக்கூடிய வேகம் ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறையும். தோட்டத்து வரப்பிலும் மலைப்பாதையிலும் இது குறையே இல்லை, நிறைதான். சேலம் - நாமக்கல் நான்குவழிச் சாலையில் லாரிகள் ஹாரன் அடித்து ஒதுக்கும்போதுதான் குறை தெரியும். ஆகவே இந்த மாற்றம் வண்டி எங்கே ஓடப்போகிறது என்பதைப் பொறுத்தே தேறும் அல்லது தோற்கும்.

சட்டத்தையும் ஒதுக்கிவிட முடியாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்சி மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கும்போது இன்ஜின் எண் ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு நேர்த்தியான வேலையும் ஆர்டிஓ அலுவலக வாசலில் நின்றுவிடும். முன்கூட்டியே அனுமதி கேட்காமல் இன்ஜின் மாற்றியதைத் துணிச்சல் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் தீர்ப்பு இது. பராமரிப்பில் நம் கொட்டகைகள் முதல் தரத்துக்கு அருகில் இருக்கின்றன. நீரும் டார்க் ஸ்பேனரும்தான் இடையில் நிற்கின்றன. டிஐ மாற்றம், கியரையும் ஆர்சியையும் சேர்த்து யோசித்தவர் கையில் தேறுகிறது. டீசல் கூட்டுவதும் டர்போவும் தேறவில்லை. டர்போவுக்கென்று பணம் ஒதுக்கி வைத்திருப்பவர் அதில் முதலில் ரேடியேட்டர் கோரை மாற்றட்டும், தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடட்டும், நாசில்களை டெஸ்ட் செய்யட்டும், ஒரு டார்க் ஸ்பேனர் வாங்கட்டும். பிறகு அதே வண்டியைக் கொல்லிமலை ஏற்றிப் பார்த்துவிட்டு, டர்போ இன்னும் வேண்டுமா என்று முடிவு செய்யலாம்.