பேஸ் வாசித்தவரின் பெயர்

2024 பெப்ரவரி 3ஆம் திகதி ஆஸ்ரன் பரெற் தன் 77ஆவது வயதில் காலமானார். ‘பொப் மார்லியின் பேஸ் கிற்றார் கலைஞர்’ என்ற அறிமுகத்தோடுதான் பெரும்பாலும் அவரது மரணச் செய்தி வந்தது. தகவல் பிழையல்ல. ஆனால் ‘மார்லியின்’ என்ற அந்த ஒரு சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். மார்லிக்குப் பின்னால் நின்றவர், மார்லிக்கு வாசித்துக் கொடுத்தவர் என்ற பொருளை அது தந்துவிடுகிறது. மேடையில் நின்ற இடத்தைப் பார்த்தால் அது சரி. காதால் கேட்டால் அப்படி இல்லை.

ரெகேயிலும் அதிலிருந்து பிறந்த டப்பிலும் பேஸ் கிற்றார் பக்கவாத்தியம் அல்ல. பல இசைத்தட்டுகளில் அதுதான் பாட்டு. ஆகவே பாட்டை எழுதியவர் யார் என்று கேட்டால் பேஸ் வாசித்தவரின் பெயரும் சொல்லப்படவேண்டும். இதுவரை சொல்லாமல் விட்டதில் சட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் பங்குண்டு. விமர்சனத்துக்கும் பங்குண்டு. மூன்றாவது மட்டும்தான் எங்கள் கையில் இருக்கிறது.

முதலில் அந்த வாத்தியம் செய்கிற வேலையைப் பார்ப்போம். ரொக் இசையில் பேஸ் பொதுவாகக் கிற்றாருக்கு அடியில் விரித்த பாய். ரெகேயில் கிற்றார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஒதுங்கிவிடும். நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் அதன் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ‘வன் ட்ரொப்’ எனப்படும் ட்ரம்ஸ் அடியில், காலால் அடிக்கும் பெரிய ட்ரம் முதல் எண்ணிக்கையைத் தொடாமல் மூன்றாவதில் வந்து விழும். எங்கள் காது ‘சமம்’ என்று எதிர்பார்க்கும் இடம் வெறுமையாகக் கிடக்கும். இப்படி எல்லோரும் ஒதுங்கி இடம் விட்ட பிறகு, முழு வசனம் பேச மிஞ்சுவது பேஸ் ஒன்றுதான்.

கர்நாடக இசையோடு வளர்ந்தவர்களுக்கு இதைக் கேட்க இரண்டு சொற்கள் கைவசம் உள்ளன: எடுப்பு, கார்வை. சமத்தில் தொடங்காமல் அரை இடம், ஒன்றரை இடம் தள்ளிப் பாட்டை எடுப்பதை நாங்கள் விளக்கமில்லாமலே ஏற்றுக்கொள்கிறோம். மிருதங்கத்தில் சொற்கட்டுகளுக்கு நடுவே விடும் கார்வையும் கணக்கில் சேர்ந்ததென்று அறிவோம். ரெகே பேஸ் வாசிப்பின் உயிர் இந்த இரண்டிலும் இருக்கிறது. முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டு நுழைவது, நுழைந்த பின் எங்கே நிறுத்துவது. இரண்டு மரபுகளுக்கும் உறவு கொண்டாட இதைச் சொல்லவில்லை. கேட்கும் காதுக்கு ஒரு கைப்பிடி வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இந்த வாத்தியத்தில் ஒரு சுரம் எப்போது தொடங்குகிறது என்பதைவிட எப்போது முடிகிறது என்பது பெரிய விஷயம். விரலைக் கொஞ்சம் பிந்தி எடுத்தால் கார்வை நிரம்பிப் போகும், ஆட்டம் நின்றுவிடும்.

வாசிக்கும் முறையும் இதற்கேற்பவே அமைந்தது. வழுவழுப்பான, தட்டையாகச் சுற்றிய தந்திகள். மேல்சத்தத்தை மூடிவிடும் குமிழ். பாலத்தின் பக்கம் போகாமல் கழுத்தை ஒட்டி மீட்டும் விரல். மீட்டும் ஒலி கேட்காமல் சுரத்தின் உடம்பு மட்டும் வரவேண்டும். நான்கு தந்திகளில் தடித்தது விநாடிக்குச் சுமார் 41 தடவைதான் அதிர்கிறது. கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியால் அந்த ஆழத்தைத் தரவே முடியாது. ஆகவே இன்று பெரும்பாலானோர் ரெகே கேட்கும் கருவியில் பாட்டின் ஆசிரியர்களுள் ஒருவர் முன்கூட்டியே நீக்கப்பட்டிருக்கிறார்.

பரெற் வெல்டிங் வேலை தெரிந்தவர். தனது முதல் பேஸை பிளைவூட் பலகையையும் யன்னல்சேலைத் தடியையும் கொண்டு தானே செய்ததாகச் சொல்லியிருக்கிறார். தம்பி கார்ல்ரன் ட்ரம்ஸ் வாசித்தார். 1969இல் ஹரி ஜே ஓல் ஸ்ரார்ஸ் என்ற பெயரில் வெளியான ‘லிக்விடேற்றர்’ இசைத்தட்டில் இருந்தவர்கள் இந்த இரு சகோதரர்களும் அவர்களது கூட்டாளிகளும்தான். அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. லண்டனில் செல்சி மைதானத்துக்குப் போனவர்கள் அதை விளையாட்டு தொடங்குமுன் கேட்டிருப்பார்கள். 1972இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த ஸ்ரேபிள் சிங்கர்ஸ் குழுவின் பாட்டொன்று அதே பேஸோடுதான் தொடங்குகிறது. எழுதியவர் என்று அந்தத் தட்டில் இருந்தது அமெரிக்கத் தயாரிப்பாளரின் பெயர் மட்டும்.

இன்னொருவர் லெறோய் சிபில்ஸ். ஹெப்ரோன்ஸ் குழுவின் பாடகராக அறியப்பட்டவர், 1960களின் பிற்பகுதியில் கிங்ஸ்ரனின் ஸ்ரூடியோ வன்னில் பேஸும் வாசித்தார். அவரைப் பேஸ் எடுக்கத் தூண்டியவர் ஓர்கன் கலைஞர் ஜாக்கி மிற்றூ. சிபில்ஸ் வாசித்த ‘ஃபுல் அப்’ என்ற மெட்டின் மேல் பிற்காலத்தில் பல பாட்டுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றை 1982இல் பேர்மிங்ஹாம் பள்ளிச் சிறுவர்கள் பாடி பிரித்தானியாவில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மிற்றூவும் சிபில்ஸும் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். எக்ளின்ரன் மேற்கில் ஜமெய்க்கர்களின் இசைத்தட்டுக் கடைகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் இருந்த காலம் அது. எண்பதுகளில் அந்நகரத்தில் வந்திறங்கிய தமிழர்கள், உலகம் முணுமுணுத்த ஒரு பேஸ் வரியின் சொந்தக்காரர் வாழ்ந்த ஊரில்தான் வந்திறங்கினார்கள்.

ஒரே பேஸ் வரியின் மேல் பத்து, நூறு பாட்டுகள் கட்டுவதை ஜமெய்க்காவில் ‘ரிடிம்’ என்பார்கள். சொல்லும் மெட்டும் மாறும், பேஸ் மாறாது. எதை மாற்றினால் வேறு பாட்டு ஆகிறது, எதை மாற்றாதவரை அதே பாட்டு என்ற கேள்விக்கு அந்நாட்டு மக்கள் தங்கள் பழக்கத்தால் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்கள்.

அதே பதிலை இன்னும் கூர்மையாகச் சொன்னது டப். 1960களின் பிற்பகுதியில், ஸ்பானிஷ் ரவுணில் ஒலிபெருக்கி நடத்திய ஒருவருக்காக வெட்டிய தட்டில் பாடகரின் குரல் விடுபட்டுப் போயிற்று. போட்டுப் பார்த்தபோது சனங்கள் தாங்களே பாடத் தொடங்கினார்கள். அந்தத் தற்செயலைக் கலையாக்கியவர்களில் முதன்மையானவர் கிங் ரப்பி என்ற ஒஸ்போன் ரடொக். மின்சாதனங்கள் திருத்துவது அவரது தொழில். பிறர் பதிவுசெய்து முடித்த பாட்டை நான்கு தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஏற்றியும் இறக்கியும் பார்த்தார். குரல் ஒரு சொல்லோடு வந்து எதிரொலியில் கரையும். கிற்றார் மின்னி மறையும். ட்ரம்ஸும் சில இடங்களில் போய்விடும். பேஸ் பெரும்பாலும் இருக்கும். எப்போதாவது அதை எடுத்துவிட்டால் அறையின் தரை போனது போலிருக்கும், திரும்பி வரும்போதுதான் காலூன்ற முடியும்.

இதை நான் ஒரு விமர்சன வடிவமாகவே பார்க்கிறேன். முடிந்த படைப்பை எடுத்து, இதில் இல்லாமல் முடியாதது எது என்று கேட்பது விமர்சகரின் வேலை. ரப்பி அதை எழுத்தால் செய்யாமல் மிக்சிங் மேசையில் கையால் செய்தார். ஒகஸ்ரஸ் பாப்லோவோடு அவர் சேர்ந்து தந்த ‘கிங் ரப்பிஸ் மீற்ஸ் ரொக்கர்ஸ் அப்ரவுண்’ தட்டின் தலைப்புப் பகுதியைக் கேளுங்கள். ஜேக்கப் மில்லரின் பாட்டு அதில் துண்டு துண்டாக வந்து போகிறது. கார்ல்ரன் பரெற்றின் ட்ரம்ஸ் உடைந்து தெறிக்கிறது. ரொபி ஷேக்ஸ்பியரின் பேஸ் மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. மில்லர் நல்ல பாடகர். ஆனால் கேட்டு முடித்த பின் வாயில் வருவது ஷேக்ஸ்பியரின் வரி. ஷேக்ஸ்பியர் ஆஸ்ரன் பரெற்றிடம் பழகியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

டப் என்ற பெயரில் வந்ததெல்லாம் இந்தத் தரத்தில் இல்லை. எதிரொலியை அள்ளிக் கொட்டினால் டப் ஆகிவிடும் என்று நினைத்த தட்டுகள் எண்பதுகளிலிருந்து நிறையவே உண்டு. அவற்றில் கழிக்கப்படுவது எதுவென்று தெரியும். மிஞ்சுவதற்குத்தான் ஒன்றும் இருக்காது. பேஸ் வரி பலவீனமாக இருந்தால் மிக்சிங் மேசையால் அதைக் காப்பாற்ற முடியாது.

1985இல் இன்னொரு திருப்பம் வந்தது. கிங் ஜாமி தயாரித்து வெய்ன் ஸ்மித் பாடிய ‘ஸ்லெங் ரெங்’ பாட்டில் பேஸ் வாசித்தவர் ஒருவரும் இல்லை. சிறிய கசியோ கீபோட்டில் ஏற்கெனவே பதிந்திருந்த தாளமொன்றை எடுத்து வேகத்தைக் குறைத்துப் பயன்படுத்தினார்கள். அதன் பிறகு ஜமெய்க்க ஸ்ரூடியோக்களில் பேஸ் கலைஞர்களுக்கு வேலை குறைந்தது. ஆனால் கீபோட்டுக்குள்ளும் ஒரு மனிதர் இருந்தார். அந்தத் தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண். இசைக் கல்லூரியில் ரெகே பற்றி ஆய்வேடு எழுதிவிட்டுக் கசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரது பெயர் உலகத்துக்குத் தெரியப் பல ஆண்டுகள் எடுத்தன. வாத்தியம் மாறியது, நாடு மாறியது. பேஸ் எழுதியவர் பெயரில்லாமல் இருப்பது மட்டும் மாறவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இதைக் காட்ட நல்ல இடம் லின்ரன் குவேசி ஜோன்சன். 1963இல் சிறுவனாக லண்டனுக்கு வந்தவர். எழுதும்போது தலைக்குள் ஒரு பேஸ் ஓடிக்கொண்டிருக்கும் என்று சொல்லியிருப்பவர். 1980இல் அவர் வெளியிட்ட இசைத்தட்டின் பெயரே ‘பேஸ் கல்ச்சர்’. 2002இல் பென்குயின் தன் நவீன செவ்வியல் வரிசையில் அவரது கவிதைகளை வெளியிட்டது. உயிரோடிருக்கும்போதே அந்த வரிசையில் இடம்பெற்ற இரண்டாவது கவிஞர் அவர். புத்தகத்தில் பேஸ் இல்லை. ஆனால் அடிகளைச் சத்தமாக வாசித்தால் அவை எங்கே நிற்கின்றன, எங்கே பிந்துகின்றன என்பதில் அது தெரியும். வரியின் முடிவில் அவர் விடும் வெற்றிடம் பேஸ் வாசிப்பவர் விடும் கார்வை.

அவரது தட்டுகளுக்கு இசை அமைத்த டெனிஸ் போவெல் பார்படோஸில் பிறந்து லண்டனில் வளர்ந்த பேஸ் கலைஞர். ஒலிபெருக்கியும் நடத்தினார். 1974இல் கிறிக்கிள்வூட்டில் அவர் இசைத்த களியாட்ட மண்டபத்துக்குள் பொலிஸ் புகுந்ததைத் தொடர்ந்து அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆறு மாதம் உள்ளே இருந்த பின் மேன்முறையீட்டில் விடுதலையானார். ஜோன்சனின் கவிதையில் பொலிஸும் சிறையும் வரும்போது, அடியில் கேட்கும் இசையைக் கட்டியவர் அதை அனுபவித்து வந்தவர். சொல்லை மட்டும் வாசித்தால் இந்தப் பாதிச் சாட்சியம் காதில் விழாது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். ஆஸ்ரன் பரெற் தனக்கு வரவேண்டிய உரிமைப்பணம் 60 மில்லியன் பவுண்ஸ் என்று கோரி, இசைத்தட்டு நிறுவனத்தின் மீதும் மார்லி குடும்பத்தின் மீதும் தொடுத்த வழக்கை 2006இல் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1994இல் அவர் ஒப்புக்கொண்ட இணக்கப்பாடு அவருக்கு எதிராக நின்றது. பாட்டுகளில் சிலவற்றுக்குத் தானும் ஆசிரியர் என்ற வாதமும் எடுபடவில்லை. இதில் ஒரு சிக்கலும் உண்டு. மார்லியின் சில பாட்டுகளில் பரெற் சகோதரர்களின் பெயர் எழுதியவர்களாகவே அச்சாகியிருக்கிறது. பழைய பதிப்பு ஒப்பந்தத்திலிருந்து பணத்தைக் காப்பாற்ற மார்லி கூட்டாளிகளின் பெயர்களைப் போட்டார் என்பது பின்னர் லண்டனில் நடந்த இன்னொரு வழக்கில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஆக, உறையில் பெயர் இருப்பதும் சான்றல்ல, இல்லாமலிருப்பதும் சான்றல்ல. நீதிமன்றத்தின் முன் இருந்தது ஒப்பந்தம். விமர்சகரின் முன் இருப்பது ஒலி. நீதிபதி தீர்க்கமுடியாததை நாங்கள் கேட்டுத் தீர்க்கலாம்.

அந்தக் கேட்டல் எங்களிடம் எவ்வளவு இருக்கிறது? தமிழில் பாட்டு விமர்சனம் என்றால் பெரும்பாலும் பாடல்வரி விமர்சனம்தான். இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிற்றார் தனி மெட்டாகவே ஓடுகிறது. குரலுக்குப் பதில் சொல்கிறது, குறுக்கே போகிறது. ரெகேக்கு இது எதிர்த்திசை. அங்கே பேஸ் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லும், இங்கே சொன்னதைத் திருப்பிச் சொல்லாது. இரண்டும் பெரிய கலை. ஆனால் அந்தத் தட்டுகளின் உறையில் இருந்தவை இசையமைத்தவர், எழுதியவர், பாடியவர் பெயர்கள். விரலால் வாசித்தவரைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். ரஹ்மானின் தட்டுகளில் கீத் பீற்றர்ஸ் போன்றோரின் பெயர்கள் அச்சான பிறகும் எங்கள் கட்டுரைகளில் அவை அதிகம் வரவில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் காது எங்களைவிட இயல்பாக வாய்த்திருக்கிறது. ஒலிபெருக்கிக் குவியலுக்கு முன்னால் நெஞ்சில் பேஸ் அடிக்க நின்றவர்கள் அவர்கள். 1993இல் லண்டனில் ஓர் இசைப் பயிலரங்கிலிருந்து உருவான ஏசியன் டப் ஃபவுண்டேஷன் குழுவின் பேஸ் கலைஞர் அனிருத்த தாஸ், அங்கே கற்பித்த ஆசிரியர்களில் ஒருவர். அக்குழு ஜமெய்க்காவிலிருந்து எடுத்துக்கொண்டது தாளத்தை மட்டுமல்ல. பேஸை முன்னே நிறுத்தி மற்றவற்றை அதன்மேல் அடுக்கும் ஒழுங்கையும்தான். 1998இல் அவர்களது தட்டு மேர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. தென்னாசியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு அந்த ஒழுங்கு அந்நியமாக இருக்கவில்லை என்பதற்கு அது போதிய சாட்சி.

வீட்டில் ஒரு மகனோ மகளோ பேஸ் கிற்றார் பழகுகிறார்கள் என்றால், ‘பாட்டு எப்போது வாசிப்பாய்?’ என்ற கேள்வியைத் தள்ளிவையுங்கள். அவர்கள் வாசிப்பது பாட்டுத்தான். நல்ல ஒலிபெருக்கி ஒன்றில் ஒரு டப் தட்டைப் போட்டு, முடிந்ததும் எது நினைவில் நிற்கிறதென்று அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்துப் பாருங்கள். பிறகு உறையை எடுத்து அதை வாசித்தவரின் பெயரைத் தேடுங்கள்.